பந்தய என்ஜினுக்கு வெளி ஆயில் பம்ப் தேர்ந்தெடுக்கும் முறை

கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது, மோட்டாரும் ஓடுகிறது, ஆனால் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால், நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கத்துப் பம்ப் செட் மெக்கானிக் எவரும் முதலில் மோட்டாரைக் கழற்றுவதில்லை. "மோட்டார வையாத லே, மொதல்ல ஃபுட்வால்வப் பாரு" என்று, உறிஞ்சு குழாயின் அடிமுனை வால்வைக் காட்டி, என் பெரியப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனாலும் பேட்டையில் என்ஜின் வேலை பார்க்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்தச் சொல்லின் பொருள் எனக்கு முழுதாக விளங்கியது. பம்ப் எந்தத் திரவத்தையும் தானாக இழுப்பதில்லை. அது தன் வாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம்தான் திரவத்தை அந்த வாய்க்குள் தள்ளிவிடுகிறது. அந்தத் தள்ளுதலுக்கு ஓர் எல்லை உண்டு. தண்ணீருக்கு அது கணக்கின்படி சுமார் 10.3 மீட்டர், நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டர். வெளியேற்றும் பக்கத்தில் எவ்வளவு அழுத்தம் வேண்டுமானாலும் உண்டாக்கலாம். உறிஞ்சும் பக்கத்தில் ஒரு பார், அதாவது காற்றின் அழுத்தத்துக்கு மேல் இயற்கை நமக்குக் கடன் தருவதில்லை.

பந்தய என்ஜினுக்கு வெளி ஆயில் பம்ப் வாங்க வருபவர்கள் பெரும்பாலும் "எத்தனை பி.எஸ்.ஐ. கொடுக்கும்?" என்று அழுத்தத்தைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, பம்பின் வாய்க்குக் காற்றுக் கலக்காத ஆயில் எப்படி வந்து சேரும், என்ஜினுக்குள் போன ஆயில் எப்படித் திரும்பி வரும் என்ற இரண்டையும் முதலில் தீர்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்துவது. நான் தயார் செய்த ஒரு 1,300 சிசி என்ஜின், நேர்ப்பாதையில் 5 பார் அழுத்தம் காட்டிக்கொண்டே, ஒரு நீண்ட வலது திருப்பத்தில் மூன்றாம் சிலிண்டரின் பிக் எண்ட் பேரிங்கை, அதாவது பிஸ்டன் கம்பி கிராங்க் தண்டோடு சேரும் இடத்து பேரிங்கை, இழந்தது. பம்பில் எந்தக் குறையும் இல்லை. திருப்பத்தில் ஆயில் முழுவதும், என்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தட்டான பேனின் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிட, உறிஞ்சு குழாயின் வாய் காற்றை வாங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தவறு என்னுடையது.

உங்களுக்கு எந்த வகை தேவை

ஒரு வாகனம் திருப்பத்தில் 1 ஜி அளவுக்கு, அதாவது புவியீர்ப்புக்குச் சமமாக, பக்கவாட்டு விசையைச் சந்தித்தால், பேனில் இருக்கும் ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்து நிற்கும், 0.8 ஜி என்றால் ஏறத்தாழ 39 டிகிரி. நல்ல பந்தய டயர் போட்ட கார் 1 ஜியைத் தாண்டும். இதோடு இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 37 லிட்டர் ஆயில் சுற்றும் என்ஜினில், பேனில் 4 லிட்டர்தான் இருக்கிறது என்றால், அந்த முழு ஆயிலும் ஆறரை விநாடியில் ஒருமுறை பம்பைக் கடந்துவிடுகிறது. நான்கு விநாடி நீடிக்கும் ஒரு திருப்பத்தில் பம்ப் சுமார் இரண்டரை லிட்டரை மேலே அனுப்பிவிடும். என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்குப் போன ஆயிலோ அதே விசையால் திரும்ப இறங்க முடியாமல் அங்கேயே தேங்கி நிற்கும். பேன் ஏன் வறண்டு போகிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வெளி பம்பில் இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. முதலாவது, ஆயில் பேனிலேயே இருக்க, என்ஜினுக்கு வெளியே பெல்ட்டால் ஓடும் ஒற்றைப் பம்ப் அதை எடுத்து பேரிங்குகளுக்கு அனுப்பும் வெட் சம்ப் முறை. இரண்டாவது ட்ரை சம்ப் முறை. இதில் ஒரே தண்டில் பல அறைகள் கொண்ட பம்ப் இருக்கும், ஓர் அறை தனித் தொட்டியிலிருந்து ஆயிலை எடுத்து என்ஜினுக்கு அழுத்தும், மற்ற அறைகள் பேனிலிருந்து ஆயிலை வாரித் தொட்டிக்குத் திருப்பும். அறைகளைத் தொழிலில் "ஸ்டேஜ்" என்றே சொல்கிறோம்.

ட்ரை சம்ப் என்றதும் ஏதோ வெளிநாட்டு வித்தை என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஊர் மெக்கானிக்குகள் இரண்டு தலைமுறையாகக் கழற்றி மாட்டிய பழைய இரும்பு என்ஜின் புல்லட்டில் இருப்பதும் இதே தத்துவம்தான். அதில் ஆயிலைக் கொடுக்க ஒரு பம்ப், திருப்ப ஒரு பம்ப் என இரண்டு இருக்கின்றன. ஆயில் தனி அறையில் நிற்கிறது. திருப்பும் பம்ப் கொடுக்கும் பம்பைவிடக் கொள்ளளவில் பெரியது. திருப்புவது ஏன் பெரிதாக இருக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டவருக்கு ட்ரை சம்ப்பில் பாதி விளங்கிவிட்டது. அதைப் பின்னர் பார்க்கலாம்.

வெட் சம்ப் வெளி பம்ப் எதைத் தீர்க்கும் என்பதில் தெளிவு வேண்டும். பல நவீன என்ஜின்களில் ஆயில் பம்ப் கிராங்க் முனையிலேயே உட்கார்ந்து கிராங்க் வேகத்திலேயே சுற்றுகிறது. வேகம் கூட்டப்பட்ட என்ஜினில் கிராங்க்கின் முறுக்கு அதிர்வு அந்தப் பம்பின் பற்சக்கரங்களை உடைத்துவிடும். உலோகத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்த பற்சக்கரங்களில் இது நன்கு அறியப்பட்ட நோய். பெல்ட்டால், பாதி வேகத்தில் ஓடும் வெளி பம்ப் இந்த நோயைத் தீர்க்கும். ஆனால் திருப்பத்தில் ஆயில் ஒதுங்குவதை அது தீர்க்காது. அதற்குப் பேனில் தடுப்புகளும் ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவுகளும் வேண்டும், அல்லது ட்ரை சம்ப் வேண்டும். குறுகிய நேர்கோட்டுப் பந்தயத்துக்கு முதல் முறை போதும். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலோ கோயம்புத்தூரின் காரி தடத்திலோ சுற்றுப் பந்தயம் ஓட்டப் போகிறவருக்கு, விதி அனுமதித்தால், ட்ரை சம்ப்பையே நான் சொல்வேன். விதி அனுமதித்தால் என்பதை அழுத்திச் சொல்கிறேன்: பல வகுப்புகளில் தொழிற்சாலை ஆயில் அமைப்பை மாற்றத் தடை இருக்கும். இந்திய மோட்டார் பந்தயச் சங்கங்களின் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ அந்த ஆண்டுக்கு வெளியிட்ட உங்கள் வகுப்பின் தொழில்நுட்ப விதிகளைப் படித்து முடிக்கும்வரை பணத்தை எடுக்காதீர்கள்.

எவ்வளவு ஆயில் வேண்டும் என்று அளப்பது

பம்பின் அளவை அடுத்தவர் என்ஜினைப் பார்த்து முடிவு செய்வது வழக்கமாக இருக்கிறது, அது தவறு. உங்கள் என்ஜின் எவ்வளவு ஆயிலைக் குடிக்கிறது என்பதை அதன் பழைய பம்பே உங்களுக்குச் சொல்லும். பழைய பம்ப் ஒரு சுற்றுக்கு எத்தனை சிசி தள்ளுகிறது என்பதை, அதைக் கழற்றி ஆயிலில் மூழ்கவைத்துக் கையால் பத்துச் சுற்றுச் சுற்றி, வெளிவரும் ஆயிலை அளவுக் குவளையில் பிடித்துத் தெரிந்துகொள்ளலாம். பிறகு என்ஜினை நன்றாகச் சூடாக்கி, வேகத்தை மெல்ல ஏற்றுங்கள். அழுத்தமானி முள் எந்த வேகத்தில் ஏறுவதை நிறுத்துகிறதோ, அந்த வேகத்தில்தான், மிகை அழுத்தத்தை விடுவிக்கும் ரிலீஃப் வால்வ் திறக்கிறது. அதுவரை பம்ப் தள்ளிய ஆயில் முழுவதையும் என்ஜின் குடித்திருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. கிராங்க் வேகத்தில் சுற்றும் பழைய பம்ப் சுற்றுக்கு 10 சிசி தள்ளுகிறது, முள் 3,000 சுற்றில் 4 பாரில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கின்படி நிமிடத்துக்கு 30 லிட்டர். உட்கசிவுக்குப் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் 27 லிட்டர். 4 பாரில் அந்த என்ஜினின் தேவை அதுதான். பந்தய என்ஜின் கட்டுபவர்களிடையே, ஒவ்வோர் ஆயிரம் சுற்றுக்கும் 10 பி.எஸ்.ஐ. அழுத்தம் என்ற பழைய கைக்கணக்கு உண்டு. 8,000 சுற்று ஓடும் என்ஜினுக்கு அது 80 பி.எஸ்.ஐ., அதாவது 5.5 பார். அழுத்தம் 4 பாரிலிருந்து 5.5 பாருக்கு ஏறும்போது தேவையும் ஏறத்தாழ அதே விகிதத்தில் 37 லிட்டராகும். வெளி பம்ப் கிராங்க்கின் பாதி வேகத்தில், அதாவது 4,000 சுற்றில், இந்த 37 லிட்டரைக் கொடுக்க வேண்டுமானால், உட்கசிவையும் சேர்த்துச் சுற்றுக்கு 10.3 சிசி தேவை. பேரிங் தேய்மானத்துக்கும் கோடைச் சூட்டுக்குமாக ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டினால் 12 சிசி. இந்த அழுத்த ஸ்டேஜைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

இதைவிடப் பெரிதாக வாங்கினால் நல்லதுதானே என்று தோன்றும். நல்லதல்ல. என்ஜின் குடிக்காத ஆயில் அத்தனையும் ரிலீஃப் வால்வ் வழியாகத் திரும்புகிறது. திரும்பும்போது சூடாகிறது, நுரைக்கிறது. இந்த 12 சிசி பம்ப், உட்கசிவு போக, நிமிடத்துக்குக் கொடுக்கும் 43 லிட்டரை 5.5 பாரில் தள்ளுவதற்கே அரைக் குதிரைத்திறனுக்குச் சற்று மேல் செலவாகிறது. உராய்வு அதற்கு மேல். பெரிய பம்ப் பெரிய வாயோடு பிறக்கிறது என்பதால், உறிஞ்சு பக்கத்தின் சுமையும் கூடிவிடுகிறது.

கிராங்க்கை லேத் பட்டறைக்குக் கொடுக்கும் முன்னரே இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. அழுத்தத்தால் பேரிங் வழியாகக் கசியும் ஆயிலின் அளவு, பேரிங் இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 0.04 மில்லிமீட்டராக இருந்த இடைவெளியை 0.05 ஆக்கினால், கண்ணுக்குத் தெரியாத அந்த மாற்றத்தால் கசிவு ஏறத்தாழ இரட்டிக்கிறது. தண்டின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 50 மில்லிமீட்டர்த் தண்டுக்கு 0.05, என்பது பந்தய என்ஜின்களுக்குரிய பழைய அளவு. அதைப் பின்பற்றுவதில் தவறில்லை. ஆனால் பழைய இடைவெளியில் அளந்து பம்ப் வாங்கிவிட்டு, பின்னர் புது இடைவெளியில் என்ஜின் கட்டினால், கையில் வைத்திருந்த ஐந்தில் ஒரு பங்கு எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

திருப்பும் பக்கம்

பேனிலிருந்து வாரப்படுவது வெறும் ஆயில் அல்ல. கிராங்க் அடித்துத் தெளித்த நுரையும், பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கும் எரிந்த வாயுவும் அதில் கலந்திருக்கின்றன. உள்ளே போன ஒரு லிட்டர் ஆயில் திரும்பி வரும்போது அதைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே திருப்பும் ஸ்டேஜ்களின் மொத்தக் கொள்ளளவு, அழுத்த ஸ்டேஜைப்போல் குறைந்தது இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 12 சிசி அழுத்த ஸ்டேஜுக்கு, தலா 12 முதல் 15 சிசி கொண்ட இரண்டு திருப்பும் ஸ்டேஜ்கள் தொடக்கம். மூன்று இருந்தால் எனக்கு மனம் நிம்மதியாகும்.

இங்கே சிக்கனம் பார்க்கும் சிலர், பேனின் இரு மூலைகளிலும் உறிஞ்சு வாய் வைத்து, இரண்டையும் ஒரு டீ இணைப்பில் சேர்த்து ஒரே ஸ்டேஜில் செருகுகிறார்கள். இளநீரில் இரண்டு உறிஞ்சுகுழல் போட்டு, ஒன்றை மட்டும் வெளியே விட்டு உறிஞ்சிப் பாருங்கள். வாய்க்குக் காற்றுதான் வரும். ஆயிலைவிடக் காற்று எளிதில் ஓடும் என்பதால், ஒரு மூலை வறண்டதும் மற்ற மூலையில் நிற்கும் ஆயிலை அந்த ஸ்டேஜ் தொடவே தொடாது. ஒரு வாய்க்கு ஒரு ஸ்டேஜ் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

வாய்களை எங்கே வைப்பது என்பது என்ஜின் எப்படிக் கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. குறுக்காகப் பொருத்திய என்ஜினில் திருப்பத்தின் விசை ஆயிலைக் கிராங்க்கின் நீளவாக்கில் ஒரு முனைக்குத் தள்ளும். நீளவாக்கில் கிடக்கும் என்ஜினில் பேனின் பக்கச் சுவருக்குத் தள்ளும். வலச்சுற்றாக ஓடும் தடத்தில் வலது திருப்பங்களே மிகுதி என்பதால், ஆயில் இடப்பக்கம் ஒதுங்கும் நேரமே அதிகம். இரண்டு வாய்க்கு மட்டுமே பணம் இருக்கிறது என்றால் ஒன்று கட்டாயம் அந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும்.

ஸ்டேஜின் உள்ளமைப்பும் இங்கே கணக்கில் வருகிறது. அழுத்த ஸ்டேஜுக்கு நேர்ப்பல் சக்கரமும், ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றும் ஜெரோட்டரும் இரண்டுமே நன்கு உழைக்கும். திருப்பும் ஸ்டேஜுக்கு, காற்றுக் கலந்த ஆயிலை நன்கு வாரும் எதிரெதிராகச் சுழலும் ரூட்ஸ் வகை இதழ்கள் சிறந்தவை. விலையும் அதற்கேற்ப உயரும். ஒவ்வொரு திருப்பும் வாய்க்கும் கம்பி வலை வடிகட்டி கட்டாயம். உடைந்த வளையத் துண்டு ஒன்று பம்புக்குள் புகுந்தால், பெல்ட் அறுந்து, அதோடு அழுத்த ஸ்டேஜும் நின்றுவிடும்.

தொட்டி உயரமாக, ஒடுக்கமாக இருக்க வேண்டும். திரும்பி வரும் ஆயில் மேலே சுவரை ஒட்டிச் சுழன்று இறங்கி, காற்றை விட்டுவிட்டு, அடிமட்டத்திலிருந்து வெளியேற வேண்டும். நான்கு சிலிண்டர் என்ஜினுக்கு 7, 8 லிட்டர்த் தொட்டியை நான் பயன்படுத்துகிறேன்.

ஹோஸ், பெல்ட், பொருத்தும் இடம்

பந்தய ஹோஸ்களின் எண், ஓர் அங்குலத்தின் பதினாறில் எத்தனை பங்கு என்பதைச் சொல்கிறது. 12 என்றால் முக்கால் அங்குலம். அது குழாயின் வெளிவிட்டக் கணக்கு என்பதால் உள்விட்டம் அதைவிடக் குறையும். நிமிடத்துக்கு 43 லிட்டர் ஆயில் 12 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் ஓடினால் அதன் வேகம் விநாடிக்கு 6 மீட்டரைத் தாண்டும்; 22 மில்லிமீட்டரில் 2 மீட்டருக்குக் கீழே இறங்கிவிடும். உறிஞ்சு பக்கத்துக்கு இரண்டாவதுதான் வேண்டும். தொட்டியிலிருந்து அழுத்த ஸ்டேஜுக்கு வரும் ஹோஸ் 16ஆம் எண்ணில், குறுகியதாக, கூர்மையான வளைவு இல்லாமல், பம்பின் வாயைவிடத் தொட்டியின் அடிமட்டம் உயரமாக நிற்கும்படி அமைய வேண்டும். அழுத்தப் பக்கத்துக்கு 10 போதும்.

நெல்லையில் ஜேசிபி, டிராக்டர் ஹோஸ்களுக்கு பிரஸ் அடித்துத் தரும் கடைகள் இருக்கின்றன. அங்கே வேலை சுத்தமாகவே நடக்கிறது. உறிஞ்சு பக்கத்துக்கு வேண்டும் என்றால் "எஸ்ஏஇ 100 ஆர்4" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். உள்ளே சுருள் கம்பி வைத்த அந்த ஹோஸ் உறிஞ்சும்போது சப்பிப் போகாது. எந்த ஹோஸை வாங்கினாலும் அதன் வெப்ப எல்லையைக் கேட்டு வாங்க வேண்டும். நூறு டிகிரிக்கு மட்டும் உறுதி தரப்பட்ட ரப்பர், 110, 120 டிகிரி ஆயிலில் சில பந்தயங்களுக்குள் உள்ளே உரிந்து விடும். உரிந்த தோல் உறிஞ்சு பக்கத்தை அடைக்கும்போது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே தெரியாது.

பெல்ட் 8 மில்லிமீட்டர் பிட்ச் (பல்லுக்குப் பல் உள்ள தூரம்) கொண்ட, உருண்டைப் பற்களுள்ள எச்டிடி வகையாக இருக்கும் பம்பைத் தேர்ந்தெடுங்கள். பீட்டர்சன், மொரோசோ, டெய்லி, பேஸ் முதலிய தயாரிப்பாளர்களின் பம்புகளை நாம் கடல் கடந்துதான் வரவழைக்கிறோம். பம்ப் வர வாரக்கணக்கில் ஆகலாம், ஆனால் பந்தயத்துக்கு முந்தின நாள் அறுந்த பெல்ட்டுக்கு மாற்று, பொதுத் தொழிற்சாலை இயந்திரங்களுக்குப் பெல்ட் விற்கும் கடையில் கிடைக்க வேண்டும். சென்னைத் தடத்துக்கு நாம் 600 கிலோமீட்டருக்கு மேல் வண்டியை ஏற்றிச் செல்கிறவர்கள். அங்கே போய்த் தேடும் நிலை வரக்கூடாது. கிராங்க் புல்லிக்கு 18 பல், பம்ப் புல்லிக்கு 36 பல் என்றால் பாதி வேகம். 34 பல் புல்லி ஒன்றையும் சேர்த்து வாங்கிவைத்தால், ஆயில் போதாத நிலையில் பம்பையே மாற்றாமல் சற்று வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

பம்ப் சுற்றும் திசையை ஆர்டர் கொடுக்கும் முன் உறுதி செய்யுங்கள். என்ஜினின் முன்னால் நின்று பார்க்கும்போது கிராங்க் எந்தத் திசையில் சுற்றுகிறது, பம்ப் எந்தப் பக்கம் உட்காரும், அதன் வாய்கள் எந்தப் பக்கம் நோக்கும் என்பதைப் படம் வரைந்து அனுப்புவது நல்லது. பிடிமானத் தகடு என்ஜின் பிளாக்கில்தான் இருக்க வேண்டும். சேஸிஸில் பொருத்தினால் என்ஜின் ஆடும்போதெல்லாம் பெல்ட் இழுபடும். அலுமினிய பிளாக் சூட்டில் விரியும் என்பதால், குளிர்ந்த நிலையில் பெல்ட் சற்றுத் தளர்ந்தே இருக்க வேண்டும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணல் போன்ற செம்மண் தடத்தில் ஓட்டுகிறவர்கள் பெல்ட்டுக்கு மூடி போடாமல் இறங்க வேண்டாம். அந்த மணல் பெல்ட்டின் பற்களை அரம்போல் ராவிவிடும்.

பழைய பம்ப் வாங்குவதில் தவறில்லை, திறந்து காட்டச் சம்மதித்தால். அழுத்தம் பற்சக்கரங்களை எப்போதும் உறிஞ்சு வாயின் பக்கமே தள்ளுவதால், தேய்மானமும் கீறலும் முதலில் அந்தப் பக்கத்துச் சுவரில்தான் தெரியும். நகத்தால் தடவி, நகம் மாட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பொருத்திய பின்

தொட்டியையும் பம்பையும் ஆயிலால் நிரப்பி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பம்ப் தண்டைக் கை டிரில்லால் சரியான திசையில் சுற்றுங்கள். முள் ஏறிய பின்னும், ஒருவர் கிராங்க்கைக் கையால் இரண்டு சுற்றுத் திருப்பும்வரை நிறுத்தக்கூடாது. வெளி பம்பின் பெரிய வசதி இதுதான்: முதல் முறை தீப்பொறி விழும் முன்னரே பேரிங்குகள் நனைந்துவிடும்.

ரிலீஃப் வால்வ் திருகைக் குளிர்ந்த ஆயிலில் சரிசெய்வது வீண் வேலை. 20டபிள்யூ-50 ஆயிலின் பாகுநிலை 40 டிகிரியில் இருப்பதைவிட 100 டிகிரியில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். பந்தயத்துக்கு ஊற்றப்போகும் அதே ஆயில் 90 முதல் 100 டிகிரிக்கு வந்த பிறகு, பந்தய வேகத்தில் முள்ளைப் பார்த்துத் திருகைப் பூட்டுங்கள். சித்திரை வெயிலில் பாளையங்கோட்டையில் செய்த அளவு, மார்கழியிலும் பிழையாக இருக்காது. மறுதலையாக, குளிர்ந்த ஆயிலில் செய்தால் பிழையாகும்.

வண்டி வாரக்கணக்கில் நின்றால், தொட்டி ஆயில் பம்பின் இடைவெளிகள் வழியே மெல்லக் கசிந்து கிராங்க் அறையில் சேரும். நின்ற புல்லட்டில் பார்த்திருப்பீர்கள். அதைத் தடுக்கக் குழாயில் மூடுவால்வ் வைக்கும் யோசனை வரும். திறக்க மறந்து கிளப்பினால் என்ஜின் போயிற்று என்பதால் நான் வைப்பதில்லை. ஆயில் அளவை எப்போதும் ஓடிச் சூடான பிறகே தொட்டியில் பார்க்கிறேன்.

அழுத்த உணரியை ஃபில்டருக்குப் பின்னால், முதன்மை ஆயில் வழியின் தொலை முனையில் பொருத்துங்கள். முள்மானியின் முள் சோம்பேறி. அரை விநாடிச் சரிவை அது காட்டாது, பேரிங்குக்கு அந்த அரை விநாடி போதும். ஆகவே விநாடிக்குப் பத்து முறையாவது பதியும் கருவியில் அழுத்தம், வேகம், பக்கவாட்டு விசை மூன்றையும் சேர்த்துப் பதியுங்கள். முதல் ஐந்து சுற்றுகள் ஓட்டிவிட்டு உள்ளே வந்து, வரைபடத்தில் பக்கவாட்டு விசை உச்சத்தில் நிற்கும் இடங்களில் மட்டும் அழுத்தக் கோட்டைப் பாருங்கள். அங்கே கோடு சரிந்திருந்தால், ரிலீஃப் திருகைத் தொடாமல், திருப்பும் வாய்களையும் தொட்டியின் ஆயில் அளவையும் சோதியுங்கள். நேர்ப்பாதையிலும் திருப்பத்திலும் ஒன்றுபோல் தாழ்ந்திருந்தால்தான் 34 பல் புல்லியைக் கையில் எடுக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், ஃபில்டரை அறுத்து விரித்து மடிப்புகளில் உலோகப் பொடி இருக்கிறதா என்று வெயிலில் பார்த்துவிட்டு, அடுத்த பத்துச் சுற்றுக்கு வண்டியை அனுப்பலாம்.